மாடிப்படிக்குக் கீழே இருந்த சுவிட்ச்

கார் கம்பெனிக்காரர்கள் என்றாலே எனக்கு ஆகாது. காரணம் இல்லாமல் இல்லை. என் கணவர் ஆசை ஆசையாக வாங்கிய கார், வாங்கிய சில வருடங்களிலேயே அநாதையாகிவிட்டது. அதைச் செய்த கம்பெனி, இந்த நாட்டில் வியாபாரம் சரிப்படவில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தால்கூட, திருத்தணியிலிருந்து சென்னை புதுப்பேட்டைக்கு ஓட வேண்டும். அங்கே பழைய சாமான்களுக்குள் தேடி, ஏதோ ஒரு நிறத்தில் கிடைத்ததை வாங்கி வந்து மாட்டுவார். கடைசிவரை எங்கள் வெள்ளைக் காருக்கு ஒரு பக்கம் மட்டும் சிவப்புக் காது. அவர் போன பிறகு அதைக் காயலான் கடைக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு நான் அந்தக் கம்பெனியைத் திட்டிய திட்டு, தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

அதனால் மாடி வீட்டுக்குக் குடிவர வந்த பையன், தான் கார் கம்பெனியில் வேலை செய்வதாகச் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "உங்க கம்பெனி எப்போ ஓடப் போவுது?" என்பதுதான். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு, "நான் இருக்கற வரைக்கும் ஓடாது டீச்சர்" என்றான். நான் பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் அறிவியல் டீச்சர். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் ஊரில் எல்லோருக்கும் டீச்சர்தான்.

பையன் என்கிறேனே தவிர, முப்பது வயதைத் தாண்டியவன். சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. அப்பா லுங்கி நெய்தவர். பையன் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தான். பைபாஸில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் போவான், வருவான். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். அவன் மனைவி அரக்கோணத்தில் ஒரு அலுவலகத்துக்குக் காலையில் ரயிலேறிப் போய்விடுவாள். இரண்டு பேரும் சத்தம் போட்டுப் பேசிக்கூட நான் கேட்டதில்லை.

அவன் அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு முறை திருவள்ளூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு பஸ், திருத்தணியில் இறங்கி இன்னொரு பஸ். போகும்போதாவது பரவாயில்லை, திரும்பும்போது மனிதர் துவண்டுபோய் வருவார். இதைப் பார்க்க முடியாமல்தான் அந்தப் பையன் கார் வாங்கினான். அவன் கம்பெனியே செய்கிற எலக்ட்ரிக் கார். வேலை செய்பவர்களுக்குச் சலுகை கொடுத்தார்கள்.

வண்டி தெருவுக்குள் வந்த அன்று ஊர்வாய் சும்மா இருக்குமா? "சத்தமே இல்லாம பின்னால வந்து நிக்குது, பேய் மாதிரி" என்றார் டீக்கடைக்காரர். "பேட்டரி போச்சுன்னா வண்டி வெலைக்கு பேட்டரி வாங்கணுமாம்" என்றார் ஓர் ஆட்டோக்காரர். "மழையில ஓடுமா?" என்றார் இன்னொருவர். எதிர் வீட்டு அம்மா என் காதருகே வந்து, "தீப்புடிச்சிக்குமாமே டீச்சர், உங்க வீட்டு வாசல்ல போயி நிறுத்தறானே" என்றாள். இதில் ஒருவரும் எலக்ட்ரிக் காரில் ஏறியவர்கள் இல்லை. நானும்தான் இல்லை.

முதல் பூஜைக்கு மலைக் கோவிலுக்குப் போனபோது அவன் என்னையும் வற்புறுத்தி முன் சீட்டில் உட்கார வைத்தான். அப்பாவும் மருமகளும் பின்னால். மலை மேல் எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, மாலை போட்டு இறங்கும்போது, "டீச்சர், அந்த நம்பரைப் பாத்துகினே இருங்க" என்றான். அறுபத்தொன்று இருந்த சார்ஜ், வளைவுகளில் இறங்க இறங்க அறுபத்திரண்டு ஆனது. கீழே ஆர்ச்சுக்கு வரும்போது அறுபத்து மூன்று. என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. இறங்கும் வேகம் மறுபடி மின்சாரமாகிறது என்று ஒரு பாடமே நடத்திவிட்டேன். பெரியவர் பின்னாலிருந்து, "எம் புள்ள செஞ்ச வண்டி டீச்சரம்மா" என்றார். கதவு மாட்டும் பிரிவில்தான் மகனுக்கு வேலை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னார்.

சார்ஜ் போட என் மீட்டர் பெட்டியிலிருந்து தனி ஒயர் இழுத்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு பாயிண்ட் வைத்துக்கொள்ள அனுமதித்தேன். அதற்கென்று தனியாக ஒரு சுவிட்ச். நல்ல எலக்ட்ரீஷியன், எர்த் சரியாக எடுத்திருந்தார், நானே சோதித்துப் பார்த்தேன்.

பகல் ஷிப்ட் வாரங்களில் டயாலிசிஸ் நாளுக்கு மட்டும் ஷிப்டை மாற்றிக்கொண்டு அவனே அழைத்துப் போனான்; ஆறேழு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பெரியவர் முகத்தில் தெளிவு வந்திருந்தது. திரும்பி வரும்போது சில நாள் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, "ஆங், டீச்சரம்மா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிற அளவுக்குத் தெம்பு. டீக்கடைக்காரர்கூட, "நமக்கும் ஒண்ணு சொல்லி வாங்கிக் குடுப்பா" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வந்தவன், வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டான். மனைவி வேலைக்குப் போயாகிவிட்டது. மதியம் ஒன்றரைக்குக் கிளம்பி, பொதட்டூர்பேட்டை போய் அப்பாவை ஏற்றிக்கொண்டு திருவள்ளூர் போக வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அன்று காலையில்தான் எதிர் வீட்டு அம்மா என் செல்போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். எந்த ஊரோ, எந்த வண்டியோ. சார்ஜில் நின்றுகொண்டிருந்த வண்டி புகைந்து, குபீரென்று பிடித்து எரிகிறது. பக்கத்தில் ஒரு வீட்டுக் கதவு. பார்த்ததும் எழுந்துபோய் மாடிப்படிக்குக் கீழே பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அந்த வெயிலில் வாசல் கிரில் கம்பியைத் தொட்டாலும்தான் சுட்டிருக்கும். முப்பது வருடம் பெண்களுக்கு மின்னோட்டம் நடத்தியவள், அரை நிமிட வீடியோவுக்குப் பயந்து சுவிட்சை அணைத்தேன். கொஞ்ச நேரம் ஆறட்டும், ஒன்பதரைக்குப் போட்டுவிடலாம் என்பதுதான் எண்ணம். அவனை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். தூங்குகிறவனை எழுப்புவானேன் என்று எனக்கு நானே ஒரு நல்ல பெயர் கொடுத்துக்கொண்டேன்.

முந்தின ராத்திரி புழுக்கத்தில் தூக்கமே இல்லை; உள்ளே வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தவள் அப்படியே கண் அசந்துவிட்டேன். விழித்தபோது கடிகாரத்தில் மணி ஒன்று. ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. திரும்பி வாசலுக்கு வருவதற்குள் எதிர் வீட்டு அம்மா மோர் கேட்டு வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவனும் குளித்துவிட்டு இறங்கி வந்தான்.

வண்டிக்குள் உட்கார்ந்தவன் உடனே இறங்கினான். "என்னா இது, காலைலேருந்து போட்டு இருவதுலயே நிக்குது? டீச்சர், கரண்ட் போச்சா?"

நான் வாய் திறப்பதற்குள் எதிர் வீட்டு அம்மா, "எங்க போச்சு? நான் டிவி பாத்துகினுதானே இருந்தேன்" என்றாள்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். அவளை நம்பவில்லை. நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தான். "டீச்சர்?"

"இல்லப்பா. கரண்ட் போகல" என்றேன்.

சொன்னதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. கரண்ட் போகவில்லை, நான்தான் நிறுத்தியிருந்தேன். எதிர் வீட்டு அம்மாவின் முன்னால் அசடு வழியக் கூடாது என்ற ஒரே காரணம்தான். அதைவிடக் கேவலமான காரணம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

பொதட்டூர்பேட்டை போய், அப்பாவை ஏற்றிக்கொண்டு திருத்தணி பைபாஸ் வரைக்கும் வந்திருக்கிறான். அங்கே ஒரு ஓட்டலில் சார்ஜர் உண்டு, அதை நம்பித்தான் கிளம்பியிருந்தான். அன்றைக்கென்று பார்த்து அது வேலை செய்யவில்லை, காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்களாம். வாடகைக் காருக்கு அலைந்து திருவள்ளூர் போய்ச் சேர்வதற்குள் பெரியவரின் முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் வரச் சொன்னார்கள். விடிவதற்குள் பெரியவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆகிவிட்டது. நான்கு நாள் ஆஸ்பத்திரி. அந்த நான்கு நாளும் நான் சாமி விளக்கை ஏற்றிவிட்டு அதன் முன்னால் நிற்க முடியாமல் வெளியே வந்துவிடுவேன்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் நடக்கவில்லை.

அவன் வண்டியை சர்வீஸுக்கு விட்டான். ஒரு வாரம் பார்த்துவிட்டு அவர்கள் எழுத்தில் பதில் கொடுத்தார்கள். வண்டியில் எந்தக் குறையும் இல்லை, வண்டிக் கம்ப்யூட்டரின் பதிவுப்படி அன்று காலை எட்டரை மணிக்கு வீட்டிலிருந்து வரும் மின்சாரம் நின்றிருக்கிறது, மதியம் ஒரு மணிக்குத்தான் திரும்ப வந்திருக்கிறது என்று. நிமிடம்கூடப் பிசகவில்லை. அவன் அந்தக் காகிதத்தை என் முன்னாலேயே தெருக்காரர்களிடம் காட்டினான்.

தெருவே சிரித்தது. "கம்பெனிக்காரன் என்னிக்கு தப்பை ஒத்துக்கினான்?" என்றார் டீக்கடைக்காரர். "விக்கறப்போ ஒரு பேச்சு, வித்தப்புறம் ஒரு பேச்சு" என்றார் ஆட்டோக்காரர். எதிர் வீட்டு அம்மா, "நான் சாட்சி, கரண்ட் போவவே இல்ல. டீச்சரே சொன்னாங்களே" என்றாள். என் வாழ்நாளில் ஒரு கார் கம்பெனி உள்ளது உள்ளபடி உண்மையைச் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதை நம்ப அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. உண்மை என்று தெரிந்த ஒருத்தி, வெள்ளைக் காரையும் சிவப்புக் காதையும் சொல்லி, "இவனுங்க எல்லாரும் இப்படித்தான்" என்று கூடச் சேர்ந்துகொண்டாள். அது நான்தான். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு நாள் மாலை படியில் உட்கார்ந்து அவன் சொன்னான்: "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்துகினு இருக்காங்க டீச்சர். நீங்களும் பொய் சொல்ல மாட்டீங்க. அப்போ எங்க கம்பெனி லைன்லயே எவனோ ஒயரை சரியா மாட்டாம வுட்டுருக்கணும். நானாகூட இருக்கலாம்." அவன் மாட்டுவது கதவு. ஆனாலும் அப்படி யோசித்து யோசித்து மருகியிருக்கிறான். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் காப்பி போட உள்ளே போனேன்.

இரண்டே மாதத்தில் வண்டியை விற்றுவிட்டான். தெருவில் அதற்குப் பிறகு ஒருவரும் எலக்ட்ரிக் கார் வாங்கவில்லை. யாராவது பேச்செடுத்தால், "டீச்சர் மாடி வீட்டுல நடந்தது தெரியுமில்ல?" என்பார்கள். என் வீட்டுக் கதை ஊருக்கே ஆதாரமாகிவிட்டது. அவன் முன்பெல்லாம் "நாங்க செய்ற வண்டி" என்பான். இப்போது "கம்பெனி வண்டி" என்கிறான்.

போன மாதம் காய்கறி வாங்கப் போனவள், பஸ் ஸ்டாண்டில் பெரியவரைப் பார்த்தேன். டயாலிசிஸ் முடித்துத் திரும்பி, பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்தார். மகனுக்குப் பகல் ஷிப்ட், தனியாகத்தான் வந்திருந்தார். கையில் பிளாஸ்டர், மடியில் ஒரு துண்டு, முகம் சுருங்கிப்போய்க் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது. வீடியோ, சுவிட்ச், தூக்கம், பொய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "வண்டி மேல தப்பே இல்லீங்க. உங்க புள்ள மேலயும் இல்ல. நான்தான்" என்றேன். அழுதும்விட்டேன்.

அவர் மெதுவாகச் சிரித்தார்.

"எம் புள்ள மனசு நோவக் கூடாதுன்னு உங்க தலையில போட்டுக்கறீங்க. எனக்குத் தெரியாதா டீச்சரம்மா? அந்தக் கம்பெனிக்காரன் பண்ண வேலைக்கு நீங்க எதுக்கு அழுவணும்?"

"இல்லீங்க, சத்தியமா..."

"வுடுங்க. உங்கள மாதிரி நல்ல மனசு யாருக்கு வரும்?"

பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் நம்பவில்லை. மகனிடம் சொன்னால் நம்பிவிடுவான், அவன் கையில்தான் அந்தக் காகிதம் இருக்கிறதே. தினமும் என் வாசலைத் தாண்டித்தான் மாடிக்குப் போகிறான், "வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான். அவன் நம்பிவிடுவான் என்பதால்தான் அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.