அக்காவின் வெல்வெட் செருப்பு

நான் ஆசைப்பட்டு வாங்கிய பழைய அமெரிக்கக் காரின் மிதியடியைத் தூக்கினால், ஓட்டை வழியே தரை தெரிந்தது. வெல்டர் கோ மின் தலையில் கை வைத்தார். நான் சிரித்துவிட்டேன்.

என் சின்ன வயதில், பபேடான் பேட்டையில் நாங்கள் குடியிருந்தபோது, அப்பா வைத்திருந்த காரிலும் இதே ஓட்டைதான். பிஸ்கட் டின் மூடியால் மறைத்திருந்தார். ஓடுகிற ரோட்டை வேடிக்கை பார்க்க மூடியை நகர்த்துவேன். அக்காவின் கல்யாணத்தன்றும் நகர்த்தினேன், மகா புத்திசாலி. அவளது புது வெல்வெட் செருப்பில் ஒன்று ஓட்டையில் விழுந்து ரோட்டோடு போனது.

“அப்பா, நிறுத்துங்க! மாப்பிள்ளை வீட்டுல சிரிப்பாங்க!”

“நிறுத்துனா மறுபடி கிளம்பாதும்மா.”

கோயில் வாசலில் அக்கா வெறுங்காலோடு இறங்கினாள்.

“கார்லயே செருப்பைக் கழட்டிட்டாளே, என்ன பக்தி!” என்று மெச்சினார் மாப்பிள்ளையின் அம்மா.

அக்கா அடக்கமாகத் தலைகுனிந்தாள். குனிந்தவாக்கில் என் தொடையைக் கிள்ளினாள்.

கோ மின் வெல்டிங்கை ஆரம்பித்தபோதும் தொடையைத் தடவிக்கொண்டிருந்தேன்.