மௌன முகாமில் கண் மூடாதவர்

ரத்த அழுத்தம் குறையும் என்று டாக்டர் சொன்னதால், மலேசியாவின் காஜாங்கில் நடந்த மூன்று நாள் மௌன தியான முகாமுக்குப் போனேன். உண்மையிலேயே குறைந்தது. ஆனால் என் மனத்தில் தங்கிவிட்டவர் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த அக்காதான்.

ஐம்பது வயதிருக்கும். வெளுத்த பருத்திச் சேலை, நரைத்த கொண்டை. எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அவர் மட்டும் எதிர் வரிசையில் இருந்த ஓர் ஆளை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாளே அவரைக் கண்டு அந்த ஆளின் முகம் வெளிறிவிட்டது. இரண்டாம் நாள் பாதிச் சோற்றில் எழுந்து போனான்.

கடைசி நாள் மௌனம் முடிந்ததும், "யாருக்கா அவரு?" என்று கேட்டேன்.

"என் மகன ரோட்டுல காடியால மோதிக் கொன்னவன்மா. பையன்தான் குறுக்க வந்தான்னு கோர்ட்ல சொல்லித் தப்பிச்சிட்டான். இங்க வரான்னு தெரிஞ்சுதான் நானும் பேர் கொடுத்தேன். வாயத் தொறந்தா பொய் சொல்வான். இங்க பேச முடியாது லா."

"உங்களுக்கு மனசு ஆறுச்சா?"

"ஆறறதுக்கா வந்தேன்? அவனுக்கு ஆறக்கூடாதுன்னு வந்தேன்."

அப்போது அவனே அருகில் வந்து கை கூப்பினான். கண் கலங்கியிருந்தது. "ஆன்டி, அன்னைக்கு தப்பு என் மேலதான்..." என்று தொடங்கினான்.

அக்கா உதட்டில் விரலை வைத்து, பேசாதே என்று காட்டினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்.

அவர் கேட்கத் தவித்த உண்மை அதுவாகத்தான் இருக்கும். அதைச் சொல்லி அவன் பாரம் இறக்குவதைக்கூட அவர் விடவில்லை. அது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.