தணிக்கைக்குத் தப்பிய மரண அறிவித்தல்

ஊரடங்கில் வீதியில் போக யாருக்கு உரிமை என்று நினைக்கிறீர்கள்? செய்தி சேகரிக்கிறவருக்கா, காய்ச்சலோடு தைக்கப் போகிறவருக்கா? 2021 ஆவணியில், கிளிநொச்சிக்குத் தெற்கே ஒரு சந்தியில், அனோஜாவுக்கு விடை கிடைத்தது. அவளது ஸ்கூட்டியை மறித்த பொலிஸ்காரர் ஊடக அட்டை கேட்டார். ஒன்பது வருடமாக ஒரு பத்திரிகைக்குப் பிரதேசச் செய்தி எழுதுகிறவளுக்கு அந்த அட்டையை எடுத்துக் கொடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. அவள் நிற்க, ‘அத்தியாவசிய சேவை’ என்று கண்ணாடியில் ஒட்டிய ஆடைத் தொழிற்சாலைப் பேருந்து, உள்ளே இருமல் கேட்க, தடையில்லாமல் போனது. வெளிநாட்டுக்காரனின் உள்ளாடை அத்தியாவசியம். நம்மவனுக்குச் செய்தி ஆடம்பரம்.

அனோஜாவின் தகப்பன் மாயாண்டி, 1977 இனக்கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு இரணைமடுக் குளத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர். தோட்டத்துச் சனத்துக்குப் பேனை எதற்கு என்று நக்கலடித்த பெரிய மனிதர்கள், வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் அவளுக்குத்தான் தொலைபேசி எடுத்தார்கள்.

பொலிஸ் திருப்பி அனுப்பியதும் அவள் வீட்டிலிருந்தே அந்தத் தொழிற்சாலையின் தொழிலாளர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தாள். ஒரே வரிசையில் தைத்த பதினேழு பெண்களுக்குக் காய்ச்சல். மேற்பார்வையாளர் பனடோல் மாத்திரை கொடுத்து மறுபடி இயந்திரத்தில் இருத்தினார். வெள்ளிக்கிழமை அவர்களில் ஒருத்தி, ஜெயரூபி, இருபத்தொன்பது வயதில் இறந்துபோனாள். அன்றே அனோஜா செய்தியை அனுப்பினாள். பத்திரிகை ஆசிரியர் தில்லைநாதன் அழைத்தார்.

“பிள்ளை, செய்தி நல்லாத்தான் இருக்கு. போடேலாது.”

“பிழை ஏதும் இருக்கோ ஐயா?”

“பிழை இல்லை. அதுதான் கரைச்சல். கொரோனாவோட விளம்பரமெல்லாம் நிண்டுபோச்சு. இப்ப முழுப்பக்க விளம்பரம் தாறது அந்தத் தொழிற்சாலைக்காரர் மட்டும்தான்.”

“திங்கட்கிழமை பஸ் திரும்பவும் வரும் ஐயா. சனம் தெரியாமல் ஏறப்போகுது.”

“நீர் சிறுபோக நெல் அறுவடையைப் பற்றி ஒண்டு எழுதி அனுப்பும்.”

எட்டுப் பக்கமாக வற்றிப்போன அந்தப் பத்திரிகையில், கிரகம் பெயர்ந்தால் கிருமியும் பெயரும் என்று உளறிய சோதிடருக்கு மட்டும் அரைப்பக்கம் இருந்தது. சனிபகவான் விளம்பரத்தை நிறுத்துவதில்லையே.

சனிக்கிழமை காலை ஜெயரூபியின் கணவன் தர்சன் அழைத்தான். உடலைப் பெட்டியில் மூடிக் கொண்டுபோய்விட்டார்கள். செத்தவீட்டுக்கு எவரும் வரமுடியாது. பத்திரிகையில் மரண அறிவித்தலாவது போடவேண்டும்.

“அக்கா, வழமையா எழுதுற மாதிரி எழுதித் தாங்கோ.”

அனோஜா யோசித்தாள். மரண அறிவித்தலை ஆசிரியபீடம் பார்ப்பதில்லை. விளம்பரப் பகுதியில் ஒருவர் வாங்கி, குடும்பம் எழுதியபடியே அச்சுக்கு அனுப்பிவிடுவார். செத்தவர் வீட்டு வார்த்தையில் எவரும் கை வைப்பதில்லை. வன்னியில் பத்திரிகையை விரிக்கிறவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான்.

“வழமையா எழுதினால் அவள் தன்பாட்டில செத்த மாதிரி இருக்கும், தர்சன். நடந்ததை எழுதட்டோ? உனக்குக் கரைச்சல் வரலாம்.”



“இனி எனக்கு என்னக்கா கரைச்சல்? அந்தத் தொழிற்சாலையின்ர பேரையும் போடுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை, படத்தோடு வெளிவந்தது. பிறந்த இடம், பெற்றோர், பிள்ளை, வேலை செய்த தொழிற்சாலையின் பெயர் எல்லாம் முறைப்படி. அதன் கீழே: “அன்னார் மேற்படி தொழிற்சாலையில் ஐந்து நாட்கள் காய்ச்சலோடு வேலை வாங்கப்பட்டவர். அவரது வரிசையில் மேலும் பதினாறு பேர் காய்ச்சலில் உள்ளனர். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், சக தொழிலாளர் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறும், திங்கட்கிழமை பேருந்தில் ஏறாதிருக்குமாறும் கேட்டுக்கொள்கின்றோம்.”

மத்தியானத்துக்குள் அதன் படம் எல்லாத் தொலைபேசிகளிலும் ஓடியது. மறுநாள் ஐம்பது பேர் ஏறும் பேருந்தில் ஆறு பேர் போனார்கள். செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்குச் சுகாதாரப் பரிசோதகர்கள் வந்தார்கள். தொழிற்சாலை இரண்டு வாரம் பூட்டப்பட்டது.

“என்ன வேலை பார்த்தனீர்?” என்றார் தில்லைநாதன்.

“உங்கட பேப்பரில செய்தி போட்டனான் ஐயா.”

அத்தோடு அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இப்போது அந்தப் பத்திரிகையில் மரண அறிவித்தல்களையும் ஆசிரியர் படித்துத்தான் அனுப்புகிறார். உயிரோடு இருந்தவர்களைப் பற்றிய செய்திக்கு வராத அக்கறை, செத்தவர்கள் உண்மை பேசிவிடுவார்களோ என்ற பயத்தில் வந்துவிட்டது.

அனோஜா இன்று தன் சொந்த இணையப் பக்கத்தில் எழுதுகிறாள். அவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பொலிஸார் இரண்டு தடவை விசாரித்துவிட்டார்கள். ஒருவரும் நிற்கவில்லை, அதுதான் வெட்கம். ஆகவே, உங்கள் ஊரில் ஒரு நோய் பரவ, உங்கள் பத்திரிகை வாயை மூடிக்கொண்டிருந்தால், அதன் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுங்கள். ஏன் போடவில்லை என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை மறுபடியும் எடுங்கள்.