பூசணிக்காய்க் கோட்டு

அந்தக் கோட்டின் மேல் லாரிக்காரனுக்கு ஒன்பது வருஷக் கடுப்பு. அக்கா புருஷன் பேரெடுத்த தையற்காரர். ஊரில் இருக்கிறவன் போகிறவனுக்கெல்லாம் உடம்போடு ஒட்டினாற்போல் தைத்துக் கொடுக்கிற மனுஷன், சொந்த மச்சினனுக்கு மட்டும் இரண்டு ஆள் நுழைகிற மாதிரி ஒரு கம்பளிக் கோட்டைத் தைத்துக் கொடுத்தார். லாரி ஷெட்டில் அவனுக்குப் பூசணிக்காய் என்றே பேராகிவிட்டது. போய்ச் சண்டை போட்டால், "காத்துதான் மாப்ளே சூடு. துணி சும்மா அதைப் பிடிச்சு வைக்குது" என்பார்.

போன மாதம் அவருக்குத் தெரியாமல் வேறொரு கடையில் கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டான்.

இன்றைக்கு வடக்கே பனிமலைப் பாதையில் லாரி நின்றுபோனது. டீசல் உறைந்துவிட்டது. பட்டப்பகல்தான், ஆனால் பத்தடிக்கு அப்பால் கொட்டும் பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மொத்தக் கடையில் துணி எடுக்கக் கூட வந்த அத்தான், டாங்கைப் பார்க்க இறங்கியவர், சறுக்கி ஓரத்து ஓடையில் விழுந்தார். அவன் மூச்சு வாங்க இழுத்து வந்து கேபினில் போட்டான். கழுத்துவரை நனைந்திருந்தார்.

"என் பருத்திச் சட்டையைக் கழட்டு. உன்னோடதையும்தான், வேர்த்திருக்கு பாரு. ஈரப் பருத்தி ஆளையே உறிஞ்சிடும்."

"கம்பளி பனியனும் நனைஞ்சிருக்கே அத்தான்!"

"அதைப் பிழிஞ்சு திரும்ப மாட்டி விடு. கம்பளி ஈரத்துலயும் கொஞ்சம் தாங்கும்."

பல் தந்தியடித்தது. அவர் பார்வை அவன் போட்டிருந்த கோட்டின் விலாப்பக்கம் போய் நின்றது.

"எந்தப் படுபாவி இதுல கை வச்சான்?"

"நான்தான்... பசங்க கிண்டல் பண்றாங்கன்னு..."

திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். தோள்பையிலிருந்து தையல் பிரிக்கிற பிளேடை எடுத்தார். அது அவர் கையில் நிற்காமல் கீழே விழுந்தது. நாற்பது வருஷம் ஊசி பிடித்த விரல்.

"நீயே பிரி."

பிரித்தான். பிளேடு வழுக்கி விரலைக் கீறியது, வலிக்கவே இல்லை. அதுவே அவனைப் பயமுறுத்தியது. இரண்டு பக்கமும் பிரிந்ததும் அவரைத் தன் விலாவோடு இழுத்து, ஒரே கோட்டுக்குள் இரண்டு பேரையும் வைத்துப் பொத்தான் போட்டான். போட முடிந்தது. பிறகு தன் கை இரண்டையும் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டான்.

"நடுங்குற வரைக்கும் பயமில்ல," என்று முனகினார். "நின்னாத்தான் பயப்படணும்."

அப்புறம் அந்த நடுக்கம்தான் அவனுக்கு எல்லாம். அதையே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நின்றது.

அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? "அத்தான்! திட்டுங்க என்னை! பூசணின்னாவது கூப்பிடுங்க!" என்று கத்திக்கொண்டே அவர் நெஞ்சோடு நெஞ்சை அழுத்தினான். எவ்வளவு நேரமோ. மெல்ல அவர் தாடை ஆடத் தொடங்கியது. நடுக்கம் திரும்பிவிட்டது.

அப்போது பனி சற்று விலகி, தூரத்து வளைவில் மஞ்சள் விளக்கு சுழன்றது. பனி அள்ளும் வண்டி. கிளைப்பாதையில் திரும்பிவிட்டால் போச்சு. இறங்கி ஓட, பதறி உள்ளிருந்தே பொத்தானில் கை வைத்தான். கோட்டுக்குள்ளேயே ஒரு ஜில்லிட்ட கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"திறக்காதே மாப்ளே. சேத்த சூடெல்லாம் ஓடிடும். ஹாரனை அடி."

"கை ரெண்டும் உள்ள மாட்டியிருக்கே அத்தான்!"

"நெத்தியால முட்டு. இதுக்காவது உதவட்டும் அந்த மண்டை."