பொங்கல் சீரும் வெளுத்த ஆயிலும்

போன மாட்டுப் பொங்கலுக்கு அக்கா வீட்டில் நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மெஷின் ஓடும்போது, சாப்பிடும்போது, எதற்கும் சம்பந்தமில்லாத நேரத்தில் வந்து நிற்கிறது அந்தக் காலை.

நான் திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் ஃபிட்டர். துணி பின்னும் வட்ட மெஷின்களைப் பார்த்துக்கொள்வதும் ஆள் சேர்ப்பதும் என் பொறுப்பு. மெஷினில் ஆயில் ஒரு சொட்டு அதிகமானால் துணியில் கறை விழும், குறைந்தால் ஊசி உடையும். அதனால் எதைப் பார்த்தாலும் முதலில் ஆயிலைப் பார்க்கும் புத்தி எனக்கு. ஆயிலைப் பார்த்தே வண்டியை ஓட்டுகிறவனின் லட்சணத்தைச் சொல்லிவிடுவேன் என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வேன். வாயும் கொஞ்சம் நீளம். கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அக்காவைக் கட்டிக் கொடுத்தது மங்கலம் பக்கம். பொங்கலுக்குச் சீர் கொண்டுபோவது கூடப் பிறந்தவனின் கடமை. அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, வேட்டி, சேலை எல்லாம் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். அக்காவின் மாமனார் பங்காளிகளைக் கூப்பிட்டுக் காட்டுவார். புகுந்த வீட்டில் அவள் தலை நிமிர்ந்து இருக்கட்டும் என்றுதான் இதெல்லாம். யூனிட்டில் ஒரு மெஷின் படுத்துவிட்டதால் எனக்கு அந்த முறை மாட்டுப் பொங்கலன்று காலையில்தான் போக முடிந்தது.

பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. மாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்திருந்தார்கள். மச்சானின் பைக்கையும் கழுவி, ஹெட்லைட்டில் சந்தனம் குங்குமம் வைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். மச்சான் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வா மாப்ள. வா, அப்படியே தோட்டம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம்."

"இருங்க மச்சான், இப்பத்தான் வந்தேன்" என்றேன்.

மச்சான் பக்கத்திலேயே ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தவர். ஆர்டர் இல்லாமல் தீபாவளியோடு அதை மூடிவிட்டார்கள். அடுத்த வாரமே அவிநாசியில் வேறு பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டார் என்று போனில் கேள்விப்பட்டிருந்தேன். அவருடைய அப்பா நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த சமயம் அது. மகனுக்கு வேலை கிடைத்ததில்தான் அவருக்குப் பாதி உடம்பு தேறியது என்று அம்மாகூடச் சொன்னாள்.

சீர்த்தட்டைச் சுற்றிப் பங்காளிகள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மச்சானின் அப்பா, எனக்கு மாமா முறை, அவர்களிடம் மகனின் அவிநாசிக் கம்பெனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் என்னைப் பார்த்து, "கண்ணு, மவன் வண்டி காத்தால எடுக்கறப்ப சத்தமே சரியில்ல. தெனமும் அவ்வளவு தூரம் போற வண்டி. நீ ஒருக்காப் பாரு" என்றார்.

"அதெல்லாம் எதுக்குங்கப்பா, நோம்பி நாளும் அதுவுமா" என்றார் மச்சான். "மாப்ள, நீ வா, தோட்டத்துக்குப் போயிட்டு வரலாம்."

அவர் இரண்டாவது முறையாகக் கூப்பிடுகிறார் என்பதுகூட என் மண்டையில் ஏறவில்லை. வண்டியைப் பார் என்றதும் வரிந்து கட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். துடைக்கப் பனியன் வேஸ்ட் துணி ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போய், இஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தேன். மூடியின் உள்பக்கம் தயிர் ஏடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. எனக்குப் பரம சந்தோஷம். இதை மாதிரி ஒன்று கிடைத்தால் விடுவேனா? மூடியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் இருந்த இடத்துக்கே வந்துவிட்டேன்.

"பாருங்க மாமா, ஆயில்ல தண்ணி கலந்திருக்குது."

"காத்தால கழுவுனேன். அதுல போயிருக்கும்" என்றார் மச்சான்.

"கழுவுற தண்ணி இதுக்குள்ள போகாதுங்க மச்சான். ரப்பர் வாஷர் இருக்குதுல்ல."

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். "நாந்தான்டா. டியூப்பைப் புடிச்சு இஞ்சின் மேலயே வேகமா அடிச்சுட்டேன்" என்றாள். அக்கா அந்த வண்டியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும். நான் சிரித்தேன். சிரித்ததுதான் இப்போது அதிகமாக வலிக்கிறது.

"அக்கா, தெரியாட்டி சும்மா இரு. இது கழுவுனதுல வந்த தண்ணியே இல்ல. பெட்ரோல் எரிஞ்சா தண்ணி ஆவியும் வருமுங்க மாமா. இஞ்சின் நல்லாச் சூடாகி ஓடுனா அது வெளிய போயிரும். இந்தக் குளுருக்குக் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு ஆஃப் பண்ணுனா உள்ளயே தண்ணியா எறங்கி ஆயில்ல கலந்துக்கும். அவிநாசி போயிட்டு வர்ற வண்டில இது வரவே வராதுங்க. இது தெரு மொனை வரைக்கும் போயிட்டு வர்ற வண்டி."

சொல்லி முடித்து எல்லாருடைய முகத்தையும் பார்த்தேன், பாராட்டுவார்கள் என்று. பங்காளி ஒருவர் கரும்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

மாமா மகனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"ஏஞ்சாமி, அவிநாசி போறதில்லையா?"

"இல்லீங்கப்பா" என்றார் மச்சான். "நம்ம பழைய கம்பெனில வாட்ச்மேன் மட்டும் இருக்காரு. அவரு கூடத்தான் உக்காந்துட்டு வர்றேன். நாலு எடத்துல சொல்லி வெச்சிருக்கேனுங்க."

மாமா தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, மாட்டுக்குப் பொங்கல் ஊட்ட நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். பங்காளிகளும் ஆளுக்கொரு வேலை சொல்லிக்கொண்டு நழுவினார்கள். நான் கொண்டுவந்த சீர் நடுவாசலில் பார்க்க ஆளில்லாமல் இருந்தது. அக்காவின் மதிப்புக்காகக் கொண்டுவந்தவன், வந்த காலோடு அதை நாலு பேர் முன்னால் நானே கெடுத்துவிட்டேன்.

மத்தியானமே புறப்பட்டுவிட்டேன். கிளம்பும்போது அக்கா தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கூட வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"எனக்கு முன்னமே தெரியும்டா. எங்கிட்ட அவரு எதையும் மறைக்கல. மாமா ஒடம்புக்காகத்தான் இப்படிச் சொல்லி வெச்சோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"அதைச் சொல்றதுக்குத்தான் காத்தால இருந்து உன்னையத் தோட்டத்துக்குக் கூப்புட்டுட்டே இருந்தாரு. உன்ற கம்பெனில ஒரு வேலை கேக்கணும்னு பத்து நாளா எங்கிட்ட பேசிப் பேசிப் பாத்துக்கிட்டாரு. மச்சினங்கிட்டப் போய் எப்படிக் கேக்கறதுன்னு அவருக்குக் கூச்சம்."

யூனிட்டில் துணி செக்கிங்குக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நானே ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

மச்சான் வாசலில் குனிந்து, நான் கழற்றிய மூடியைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வேலையைப் பற்றித்தான் பேச முடிந்தது.

"மச்சான், எங்க கம்பெனில செக்கிங்குக்கு ஆள் வேணுமுங்க. நீங்க வந்தா எனக்குப் பெரிய ஒத்தாசையா இருக்கும்."

அவர் நிமிர்ந்து, வழக்கம்போலச் சிரித்தார்.

"அட, முன்னமே சொல்லக் கூடாதா மாப்ள? நேத்துத்தான் ஒரு எடத்துல வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். பொங்கல் கழிஞ்சதும் போகணும்."

அப்படி ஒரு இடமே இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"சரிங்க மச்சான்" என்றேன்.