பன்னிரண்டு இட்லிப்பூச் செடிகள்

எலியாஸ் வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலையின் சாயப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். எந்த டிரம்மில் என்ன சாயம், எத்தனை மணிக்குப் போட்டது என்று சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றதும் வாசல் சுவரை ஒட்டிப் பன்னிரண்டு இட்லிப்பூச் செடிகளை வரிசையாக நட்டார். மூன்றே வருஷத்தில் அவை இடுப்பளவு வேலியாகி, சிவப்புக் கொத்துகளாகப் பூத்தன.

இந்த வருஷம் பிப்ரவரியில் இலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. நர்சரியில் கேட்டு உரம் வாங்கிப் போட்டார், பலனில்லை. மார்ச்சில் ஒருநாள் காலை வாளியோடு போனவர் மண் ஏற்கெனவே ஈரமாயிருப்பதைப் பார்த்தார். தண்ணீர் விட்டுவிட்டோமா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அப்படியே.

அவருடைய அண்ணன் தானியேலுக்கும் இப்படித்தான் தொடங்கியது. சாப்பிட்டு எழுந்ததுமே சாப்பாடு எங்கே என்று கேட்பார். கடைசியில் மனைவியின் பெயரையே மறந்துபோனார். அப்போது அண்ணனுக்கு அறுபத்து நாலு. எலியாஸுக்கு இப்போது அறுபத்து மூன்று.

மனைவி ஃபீபி பள்ளி ஆசிரியை. எட்டு மணிக்கே கிளம்பிவிடுவாள். அவளிடம் சொல்லாமல், தண்ணீர் விட்ட நாளுக்கெல்லாம் காலண்டரில் சிவப்புப் புள்ளி வைத்தார். புள்ளி இல்லாமல் மண் ஈரமாயிருந்தால் பெருக்கல் குறி. பெருக்கல் குறிகள்தான் ஜாஸ்தியாயின. தண்ணீர் விட்டது மறந்ததா, புள்ளி வைக்க மறந்ததா என்று அதுவும் ஒரு குழப்பமாயிற்று. மழை ஏதாவது பெய்ததா என்று ஃபீபியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார். மார்ச்சில் ஏது மழை என்று சொல்லிவிட்டு, அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வை அவரைப் பயமுறுத்தியது.

பென்ஷன் வேலை என்று பொய் சொல்லி, பாகாயத்தில் ஒரு டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தார். மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள், தடுமாறாமல் சொன்னார். அடுத்த முறை மனைவியைக் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர். ஞாபகம் சரியாயிருந்தால் மண் எப்படி ஈரமாகிறது? பஸ்ஸில் திரும்பும்போது குழப்பம் இன்னும் கூடியிருந்தது.

மே மாதம் ஒரு செடி முழுக்க வாடியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகிக் கையோடு வந்தது. தண்ணீர் மிஞ்சித்தான் செத்திருக்கிறது. மறுநாள் விடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஆறு மணிக்குச் சுவருக்கு மேலே ஒரு டியூப் எட்டிப் பார்த்தது. அதைப் பிடித்திருந்தவர் பக்கத்து வீட்டு முஜாஹித்.

எலியாஸ் வெளியே போய், "பாய், இன்னா பண்றீங்க?" என்றார்.

"தண்ணி வுடறேன். ஜனவரில கண் ஆபரேஷனுக்குப் போனப்போ, செடியப் பாத்துக்கங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது பத்து நாளைக்குத்தான் பாய்."

"நிறுத்துன்னு யாரும் சொல்லலியே. நீங்க குனியக் கூடாதுன்னு டீச்சரம்மா சொன்னாங்க. அதான் வுட்டுனே இருக்கேன்."

எலியாஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. அண்ணன் கதையிலிருந்து காலண்டர் வரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். முஜாஹித் துடித்துப்போனார். பிறகு மெதுவாக, ஏப்ரலில் பத்து நாள் தாம் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்ததைச் சொன்னார்.

எலியாஸ் உள்ளே போய்க் காலண்டரைப் புரட்டினார். அந்தப் பத்து நாளில் இரண்டு பெருக்கல் குறிகள் இருந்தன.

ஃபீபியிடம் அன்று மாலை முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் விட்டது அவளா என்றும் கேட்டார். செடிப் பக்கமே தான் போவதில்லை என்றாள். பிறகு, "டாக்டர்கிட்ட தனியாவா போனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் சேர்ந்து போனார்கள். பயப்பட ஒன்றும் தெரியவில்லை, அதற்காக மறதி நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதா என்று வழியெல்லாம் பேசியும் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

ஐந்து செடிகள் போய்விட்டன. மிச்சம் ஏழும் தளிர்விட்டிருக்கின்றன. இடைவெளியில் வைக்க முஜாஹித் செம்பருத்திக் குச்சிகள் கொண்டுவந்து தந்தார். ஃபீபி பள்ளிக்குக் கிளம்பும் முன், அவளும் எலியாஸும் சேர்ந்தே தண்ணீர் விடுகிறார்கள்.