இத்தாலியிலிருந்து வந்த கடிதம்

எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, உலகத்தில் ஒரேயொரு கார்ப்பந்தய அணியைத்தான் பிடிக்கும். இத்தாலியில் ஏதோவொரு சின்ன ஊரில் கொஞ்சப் பேர் சேர்ந்து நடத்திய அணி அது. ஒரு நாளும் வென்றதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியொன்றில், பதினேழாம் மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். ஞாயிறு காலை பூசைக்குப் போகுமுன் மாமா தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்துவிடுவார். பலவீனமான அணிகள் வெள்ளிக்கிழமை விடியவே ஒரு தகுதி ஓட்டம் ஓட வேண்டும். தோற்றால் பந்தயத்துக்கு முன்பே மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் பெரும்பாலான ஞாயிறுகளில் மாமாவின் கார் திரையிலேயே இராது. ஆனாலும் அவர் கடைசிவரை பார்ப்பார்.

“உவங்கள் இண்டைக்கும் இல்லை. அடுத்த முறை வருவாங்கள், பிள்ளை,” என்பார்.

அணியின் வரலாறு எனக்கு மனப்பாடம். லொறி விற்ற ஒருவர் மாட்டுக்கொட்டிலில் தொடங்கியது. பெரிய அணிகள் கழித்துவிட்ட எஞ்சினை வாங்கிப் பூட்டி ஓடியது. ஒருமுறை மழையில் மற்றவர்கள் எல்லாம் சறுக்க, ஆறாவதாக வந்து ஒரு புள்ளி எடுத்தது. அன்று ஊர்க் கோயிலில் மணி அடித்தார்களாம். மாமாவுக்கு இதெல்லாம் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. கனடா வரும் வழியில், காசு வாங்கிக் களவாய்க் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அவரை இத்தாலியில் விட்டுவிட்டு ஓடிவிட்டான். ஏழு மாதம் அவர் அந்த அணியின் கார்ப் பட்டறையைக் கூட்டி, அவர்களுடைய மேசையிலேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்திருக்கிறார்.

மாமாவின் அகதி விசாரணை நெருங்கியது. வீட்டில் நற்சான்றுக் கடிதம் சேர்க்கும் படலம் தொடங்கியது. பங்குச் சுவாமி, பள்ளி அதிபர், ஊரை நிர்வகித்த விதானையார் என்று யார் கொடுத்ததும் ஒரு பெரிய உறைக்குள் போனது. “கடிதம் கூடக் கூட நல்லதாம்,” என்றார் அம்மா. ஒன்பது வயதுக்காரி நான் சும்மா இருப்பேனா? பள்ளி நூலகத்தில் ஒரு கார் சஞ்சிகையில் அணியின் முகவரியைத் தேடிப் பிடித்து, மாமாவுக்காக ஒரு கடிதம் தரும்படி எழுதினேன். முதலாளியே கையெழுத்திட்டுப் பதில் அனுப்பினார். அதில் மாமாவின் முழுப்பெயர், ஏழு மாதம், நேர்மையான மனிதர், எப்போது வந்தாலும் வேலை உண்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எவருக்கும் சொல்லாமல் உறைக்குள் செருகினேன். வழக்கறிஞரும் பார்க்காமல் கட்டோடு கொடுத்துவிட்டார்.

வந்த வழியைச் சொல்லக்கூடாது என்பது அந்நாளில் எங்கள் சனத்தின் எழுதாத சட்டம். நடுவில் ஒரு நாட்டில் தங்கியிருந்தால், ஏன் அங்கேயே தஞ்சம் கேட்கவில்லை என்பார்கள். மாமா நேரே வந்ததாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். அதிகாரி என் கடிதத்தைக் காட்டி, இது நீங்களா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். மாமா அதை வாங்கி, மெதுவாக வாசித்துவிட்டு, “ஓம், நான்தான்” என்றாராம். இதை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த மாமா என் தலையைத் தடவினார். “அவங்கள் என்னை மறக்கேல்லை. நல்ல வேலை செய்தனீ, பிள்ளை,” என்றார்.

அவரை வழியனுப்பிய வருடமே அந்த அணியும் இழுத்து மூடப்பட்டது. மாமாவிடமிருந்து கொழும்பு முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. பிறகு வரவேயில்லை.

வழியனுப்பிய அன்று விமான நிலையத்தில் அம்மா அழுதுகொண்டே இருந்தார். எனக்கு ஏனென்று விளங்கவில்லை.

“போற வழியிலை இத்தாலியிலை இறங்கி அவையைப் பாத்திட்டுப் போங்கோ மாமா,” என்றேன்.

“ஓம் பிள்ளை, கட்டாயம் இறங்கிப் பாக்கிறன்,” என்றார்.

அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு சீருடைக்காரர்கள் நின்றார்கள். மாமாவின் பெட்டியைத் தூக்க வந்தவர்கள் என்று நினைத்து, பள்ளியில் பழக்கியபடி, இருவருக்கும் நன்றி சொன்னேன்.